புல எண் காட்டும் முன்னோர்

(திருவிழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நயினார் குடும்பங்கள் இரண்டு ஓரிடத்தில் சந்தித்தால் முதலில் எழும் வினா "எந்த ஊர்?" என்பதாகும். வேலூரிலோ ஆம்பூரிலோ இரண்டு தலைமுறையாக வீடு கட்டி வாழ்ந்துவரும் குடும்பமாயினும், விடை பெரும்பாலும் ஆரணி, போளூர், வந்தவாசி வட்டாரங்களிலுள்ள ஒரு சிற்றூரின் பெயராகவே இருக்கும். "யாருடைய பேரர்?" என்பது அடுத்த வினா. பாட்டனார் பெயரை எல்லோரும் சொல்வர். பூட்டனார் பெயரைச் சிலர் சொல்வர். அதற்கும் மேலே கேட்டால், வீட்டின் மூத்தவர் உயிரோடு இல்லாத இல்லங்களில் விடை கிடைப்பதில்லை.

நினைவு இவ்வாறு மூன்றாம் தலைமுறையில் நின்றுவிடுகிறது. நிலமோ நின்ற இடத்தில் நிற்கிறது. மனிதர் ஊர் மாறினர், மாவட்டங்கள் பெயர் மாறின, ஆட்சிகள் மாறின. ஏரிக்கரையை அடுத்த நஞ்சை மட்டும் அதே ஏரிக்கரையை அடுத்தே கிடக்கிறது. அந்நிலத்துக்கு வரி விதித்தவர்கள் அதனை உழுதவர் பெயரையும் எழுதி வைத்தனர். ஆகவே முன்னோரைத் தேடுபவர் நிலத்தைத் தேடிச் சென்றால் முன்னோரிடம் சென்று சேரலாம். அத்தேடல் குடிப்பெருமையோடு முடிவதில்லை என்பதையும், ஒரு பெரிய கடமையில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும் என்பதையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பெட்டியிலிருந்து தொடங்குதல்

ஆம்பூரில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். தந்தையார் மறைந்துவிட்டார். பரணிலுள்ள டிரங்குப் பெட்டியில் பழைய முத்திரைத்தாள்கள் சில கட்டாகக் கிடக்கின்றன. அவற்றுள் மிகப் பழையது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். அதில் ஆங்கில ஆண்டு அழிந்துபோய், "பிரபவ வருஷம்" என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. தமிழ் ஆண்டுகள் அறுபதாண்டுச் சுழற்சி உடையவை. பிரபவ ஆண்டு 1867இலும் வந்தது, 1927இலும் வந்தது, 1987இலும் வந்தது. இவற்றுள் எது என்று துணியப் பசலி உதவும். பசலி என்பது ஜூலை முதல் நாள் தொடங்கும் வருவாய்க் கணக்காண்டு. அதனுடன் 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பத்திரத்தில் பசலி 1337 என்று கண்டால், அது 1927இல் தொடங்கிய பிரபவ ஆண்டில் எழுதப்பெற்றது என்பது உறுதியாகும்.

அப்பத்திரம் மூன்று சகோதரர்களின் பெயரையும், அவர்தம் தந்தை பெயரையும், சர்வே எண் 124 என்பதையும், நிலத்தின் நான்கெல்லையையும் சொல்கிறது என்க. சக்குபந்தி எனப்படும் இந்நான்கெல்லைப் பகுதியை வாசிப்பவர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுவர். குடிவழி தேடுபவர் அங்கேதான் நிற்கவேண்டும். "இதற்கு வடக்கு, பெரிய தகப்பனார் மகன் இன்னாருடைய நிலம்" என்று ஒரு தொடர் வந்தால், மறந்துபோன ஒரு கிளைக் குடும்பம் அங்கே வெளிப்படும்.

மாவட்டம் மாறிய வரலாறு

பத்திரத்தில் கண்ட ஊரைத் தேடிப் புறப்படும்முன், அவ்வூர் எந்தக் காலத்தில் எந்த ஆட்சிப் பிரிவில் இருந்தது என்பதை அறிதல் வேண்டும். இல்லையேல் தேடுபவர் தவறான அலுவலகத்தின் வாயிலில் நாள்தோறும் காத்துக் கிடப்பார்.

1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் வடஆற்காடு மாவட்டம் உருவாயிற்று. அதன் தலைநகர் நெடுங்காலம் சித்தூராக இருந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானபோதுதான் வேலூர் வடஆற்காட்டின் தலைநகராயிற்று. அவ்வாண்டு வரை திருப்பத்தூர் வட்டமும் அதிலிருந்த வாணியம்பாடியும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. ஆம்பூரோ வடஆற்காட்டில் வேலூர் வட்டத்தில் இருந்தது. பாலாற்றங்கரையில் அருகருகே உள்ள இவ்விரண்டு ஊர்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்கள் இரு வேறு மாவட்டங்களின் பெயரில் இருப்பது இதனால்தான். 1989இல் வடஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. ஆரணி, போளூர், வந்தவாசி ஆகியன திருவண்ணாமலைப் பகுதியாயின. 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. இன்று ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன.

ஆரணியைச் சார்ந்த ஊர்களைப் பற்றி ஒன்று தனியே சொல்லத்தகும். அவற்றுள் பல ஆரணி ஜாகீருக்கு உட்பட்டவை. அரசு நேரே குடியானவரிடம் வரி பெற்ற ரயத்துவாரி ஊர்களில் உள்ளதுபோன்ற பட்டா வரிசையை ஜாகீர் ஊர்களில் எதிர்பார்த்தல் கூடாது. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்திற்குப் பிந்திய நிலவரித் திட்ட ஆவணங்களே அவ்வூர்களுக்குத் தொடக்கமாக அமையும்.

உட்பிரிவே வமிசமரம்

சென்னை மாகாணத்தில் நில அளவைக்கும் நிலவரித் திட்டத்திற்கும் 1858இல் தனித் துறைகள் அமைந்தன. அளவையர் சங்கிலி பிடித்து ஊர்தோறும் சென்றனர். ஒரு சங்கிலி 66 அடி. அது 100 லிங்க் கொண்டது. ஒவ்வொரு புலத்துக்கும் எண் இட்டு, எல்லைக்கல் நட்டு, புலப்படம் வரைந்தனர். ஊர் முழுவதற்கும் கிராம வரைபடம் எழுந்தது. ஏரி, கால்வாய், பாதை, நத்தம், கோயிலிடம் யாவும் அதில் காணப்படும். அவ்வவ் எண்ணுக்குரிய பரப்பு, நஞ்சை புஞ்சை வகை, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் ஆகியவை பதிவேட்டில் ஏறின. இன்று 'அ' பதிவேடு எனப்படுவது அதன் வழிவந்தது.

புல எண்ணை ஊன்றி நோக்கினால் ஒரு வியப்பு விளங்கும். 1927இல் 124 என்றிருந்த புலம் மூன்று சகோதரர்க்கும் பிரிந்தபோது 124/1, 124/2, 124/3 ஆயிற்று. நடுச் சகோதரரின் மக்கள் இருவர் பிரித்துக்கொண்டபோது அது 124/2ஏ, 124/2பி ஆயிற்று. பேரர் காலத்தில் 124/2ஏ1 என்று ஓர் எண் தோன்றிற்று. எண்ணின் ஒவ்வொரு கூறும் ஒரு தலைமுறையைக் குறிக்கக் காணலாம். புலப்படத்தில் வரப்புகளாகத் தோன்றும் கோடுகள், உண்மையில் குடும்பம் கிளைத்த கோடுகள். ஆயினும் விற்பனையாலும் உட்பிரிவு நிகழும் ஆதலின், ஒவ்வோர் உட்பிரிவையும் அதற்குரிய பத்திரத்தோடு ஒப்பிட்ட பின்னரே வமிசமரத்தில் எழுதுதல் வேண்டும்.

1979 முதல் 1987 வரை தமிழகத்தில் நில உடைமைப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பெற்றன. எண் மாறிய இடங்களில் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உரிய ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்டுப் பெறவேண்டும். இன்றைய பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை அரசின் இணையதளத்திலேயே காணலாம். பழையவற்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தையும், மாவட்ட ஆவணக் காப்பறையையும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் நாடவேண்டும்.

பத்திரப் பதிவு முறை இம்மாகாணத்தில் 1860களின் நடுவில் தொடங்கியது. சார்பதிவாளர் அலுவலகத்தின் முதற்புத்தகம் நிலையான சொத்துகளைப் பற்றியது. அதனையும் அதற்குரிய பெயர் அட்டவணை, சொத்து அட்டவணைகளையும் உரிய கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுகிறது. மூன்றாம் புத்தகம் உயில்களுக்கு உரியது. எழுதியவர் மறைந்தபின் விண்ணப்பிப்பவர்க்கு உயிலின் நகல் கிடைக்கும். மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் அனைவரையும் ஒருசேரப் பெயர்சொல்லி எழுதும் ஆவணம் உயிலைப்போல் வேறில்லை.

ஊரிலுள்ள பூர்வீக வீட்டைத் தேடுபவர்க்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுமனைகள் நத்தத்தில் அடங்கியவை. பழைய பதிவேட்டில் நத்தம் முழுவதும் ஒரே எண்ணாக நிற்கும். தனி மனைகளுக்கு அளவை நடந்தது அண்மைக் காலத்தில்தான். ஆதலின் வீட்டிற்குப் பத்திரத்தின் நான்கெல்லையே சான்று.

ஒரே குடும்பம், பல பட்டங்கள்

தேடுபவரைத் தடுமாறச் செய்வது பெயர்களின் மாற்றம். 1906இல் வெளிவந்த தென்னாற்காடு மாவட்ட விவரச் சுவடி, அம்மாவட்டச் சமணர் நயினார், உடையார் என்னும் பட்டம் கொண்டவர் என்றும், அவர்தம் உறவினர் கும்பகோணம் முதலிய இடங்களில் செட்டியார் என்றும் முதலியார் என்றும் வழங்கப்பெறுகின்றனர் என்றும் குறிக்கிறது. உடன்பிறந்தார் இருவர் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பட்டத்தோடு பதிவாகியிருத்தல் இயல்பே. பட்டம் வேறாயிற்று என்று ஒரு பெயரைத் தள்ளிவிடுதல் கூடாது. பட்டம் ஒன்றாயிற்று என்று அயலாரை உறவாக்கிக்கொள்ளுதலும் கூடாது. ஊர், தந்தை பெயர், புல எண் ஆகிய மூன்றும் பொருந்தினாலன்றி முடிவு கட்டலாகாது.

பெண்வழி இன்னும் அரிதாகத் தெரிகிறது. பட்டாவில் பெரும்பாலும் ஆடவர் பெயரே இருக்கும். பாட்டியார், பூட்டியார் பெயர்கள் சீதன ஆவணங்களிலும், தானசெட்டில்மென்ட் பத்திரங்களிலும், கணவர் மறைந்தபின் பிள்ளைகளுக்குக் கார்டியனாக நின்று கையெழுத்திட்ட அடமானப் பத்திரங்களிலும் வெளிப்படும். அவ்விடங்களில் அவர்தம் தந்தையின் ஊரும் குறிக்கப்பெற்றிருந்தால், இன்னோர் ஊரின் கதவு திறக்கும்.

பாலாற்றங்கரையில்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என்னும் ஊர்கள் இன்று தோல் தொழிலால் உலகறிந்தவை. பழைய பதிவேட்டில் ஆற்றுக்கால் பாசன நஞ்சை என்று எழுதப்பெற்ற புலங்கள் சிலவற்றில் இன்று தொழிற்கூடங்கள் நிற்கின்றன. தோல் கழிவுநீரால் பாலாற்றுப் பகுதியின் நிலமும் நீரும் கெட்டமை பற்றிய வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களை இனங்கண்டு இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் ஒரு பகுதி. அத்தகைய வேளையில் எழும் முதல் வினா, கெட்ட நிலம் எது, அது எவருடையது என்பதே. ஊரைவிட்டு வந்தபின் பட்டாவைத் தாத்தா பெயரிலேயே விட்டுவைத்த குடும்பம் அவ்வினாவுக்கு முன் விழித்து நிற்க நேரும். பழைய தாள்களைப் பேணுதல் பழமைப் பற்றினால் மட்டும் செய்யத்தக்கதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

தேடலில் கிடைக்கும் கடமை

மீண்டும் கற்பனைக் குடும்பத்திடம் வருவோம். புல எண் 124ஐப் பின்தொடர்ந்து சென்றவர்கள் அதே பட்டாவில் 131 என்னும் இன்னொரு புலத்தையும் காண்கின்றனர். மூன்று ஏக்கர் நஞ்சை. அதுவும் இன்று குடும்பத்தார் பெயரில்தான் இருக்கிறது. விற்பதற்கு விலையும் பேசியாகிவிட்டது. அந்த எண்ணை இனாம் பதிவேட்டில் தேடுகின்றனர்.

இனாம் பதிவேட்டைப் பற்றிச் சிறிது விளக்கவேண்டும். அரசர்களும் நவாபுகளும் பாளையக்காரரும் கோயில்களுக்கும் அறங்களுக்கும் தனியாருக்கும் விட்ட இறையிலி நிலங்களை ஆராய 1858இல் இனாம் ஆணையம் அமைந்தது. அது ஊர்தோறும் விசாரித்து எழுதிய பதிவேட்டில், கொடையளித்தவர் யார், முதலில் பெற்றவர் யார், எந்நோக்கத்திற்கு அளிக்கப்பெற்றது, பழைய அளவைக் கணக்குகளில் எவர் பெயர் உள்ளது, இப்போது அனுபவிப்பவர் யார், முதலில் பெற்றவர்க்கு அவர் என்ன முறை என்பன தனித்தனிக் கட்டங்களில் எழுதப்பெற்றன. குடிவழி தேடுவோர்க்கு இதனினும் சிறந்த ஏடு வாய்த்தல் அரிது. ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை கிடைக்கக்கூடும்.

அந்தப் பக்கத்தில் 131ஆம் புலம் ஊர் ஜினாலயத்தின் பூசைக்கும் விளக்குக்கும் உரிய இனாம் என்று எழுதியிருக்கிறது. குடும்பத்து முன்னோரின் பெயரும் இருக்கிறது. அப்பெயர் அன்றைய தர்மகர்த்தா என்னும் நிலையில் நிற்கிறது. அறநிலங்களுக்குரிய இனாம் பட்டயம் அவ்வப்போதுள்ள நிர்வாகியின் பெயரால் வழங்கப்பெறுதல் அக்கால வழக்கம். பின்னர் 1963ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன, பதிவேடுகள் புதுப்பிக்கப்பெற்றன. படியெடுத்த ஏதோ ஒரு காலத்தில் 'தர்மகர்த்தா' என்னும் ஒரு சொல் விடுபட்டுப்போயிற்று. பெயர் மட்டும் எஞ்சிற்று. பேரர்கள் அதனைப் பாட்டன் சொத்து என்றே நம்பி வளர்ந்தனர். எவரும் வஞ்சகம் செய்யவில்லை. எனினும் நிலம் அருகனுக்குரியது.

இக்கற்பனை எந்த ஊரிலும் மெய்யாகக்கூடியது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், அரசு தனியே ஆணையிட்டு விரித்தாலன்றி, சமண அறநிலையங்களைத் தன் வரம்பில் சேர்ப்பதில்லை. ஆகவே ஜினாலய நிலங்களின் காவல் முதன்மையாகச் சமூகத்தின் கையிலேயே இருக்கிறது. குடும்பங்கள் ஊரைவிட்டு நீங்கிய இடங்களில், அந்நிலம் இன்னதென்று அறிந்த கடைசி முதியவரோடு அந்தக் காவலும் மறைகிறது.

கள்ளாமையும் பொருள் வரைதலும் இல்லறத்தார்க்கு விதிக்கப்பெற்ற அணுவிரதங்கள். அறியாமல் கைவந்த அறப்பொருளை அறிந்தபின்னும் வைத்திருத்தல் அவற்றோடு பொருந்துமா என்னும் வினாவை, முன்னோரைத் தேடிச் செல்லும் ஒவ்வொருவரும் எதிர்பார்த்தே செல்லவேண்டும். விலைபேச்சை நிறுத்தி, ஆவண நகல்களுடன் வருவாய்த் துறையில் பட்டா திருத்தத்திற்கு விண்ணப்பித்து, ஜினாலயத்தின் பெயரை மீண்டும் ஏறச் செய்யும் குடும்பமே தன் முன்னோரின் உண்மையான வாரிசு. அம்முன்னோர் விட்டுச்சென்றது தர்மகர்த்தா என்னும் பொறுப்பு, மூன்று ஏக்கரன்று.

கல்லில் எழுதியது

தாள்களுக்கும் முன்னே கல் இருக்கிறது. காட்பாடியை அடுத்த வள்ளிமலையில் சமணக் குடைவரையை நிறுவிய கங்க மன்னன் இராசமல்லன், சிவமாறன் மகன் ஸ்ரீபுருஷன், அவன் மகன் ரணவிக்கிரமன், அவன் மகன் தான் என்று நான்கு தலைமுறையைக் கல்வெட்டில் பொறித்தான். ஆம்பூருக்கு அண்மையிலுள்ள மலையம்பட்டு ஆர்மாமலைக் குகையில் சமண ஓவியங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. ஆற்காட்டை அடுத்த திருப்பான்மலையில், இன்று பஞ்சபாண்டவர் மலை எனப்படும் இடத்தில், பொன்னியக்கியாரின் திருவுருவைச் செதுக்குவித்தவன் புகழாலைமங்கலத்து மருத்துவர் மகன் நாரணன் என்று பல்லவ நந்திவர்மனின் ஐம்பதாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

இவை இப்பகுதிச் சமணத்தின் தொன்மைக்குச் சான்றுகள். இவற்றைத் தம் குடும்பத்தின் முன்னோர் என்று எழுதிக்கொள்ளும் ஆசை எவர்க்கும் தோன்றும். வீட்டுத் தாள்கள் நின்றுவிடும் காலத்துக்கும் அக்கல்வெட்டுகளுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. வமிசமரத்தில் அவ்வெறுமையை வெறுமையாகவே விடுதல் பொய்யாமை என்னும் விரதத்திற்கு உரியது.

ஆனால் குடிவழியைத் தராத கல், வழிகாட்டுதலைத் தருகிறது. அதே திருப்பான்மலையில் இராசராச சோழனின் எட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு; காலம் ஏறத்தாழ 993. இலாடராசன் வீரசோழன் தன் தேவியோடு அங்கே வழிபட வந்தான். கூறகன்பாடி என்னும் பள்ளிச்சந்த ஊரின் வருவாயில் ஒரு பகுதியை இலாட அரசர்கள் கொண்டுவிட்டமையால் அறம் கெடுகிறது என்று தேவி அவனிடம் விண்ணப்பித்தாள். மன்னன் அவ்வருவாயைப் பள்ளிக்கே மீட்டளித்தான். தன் முன்னோர் கைக்கொண்டதைத் தானே திருப்பிக் கொடுத்தான். அதனைக் கல்லிலும் எழுதுவித்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இதே ஆற்காட்டு மண்ணில் ஒரு பெண்ணரசி எழுப்பிய குரல் அது.

அவையீர்! அடுத்த திருவிழாவுக்குள் ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்கவை சிலவே. வீட்டு மூத்தவரை அமரச் செய்து ஊர், உறவு, நிலம் ஆகியவற்றை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளல். பரண்மேல் கிடக்கும் பத்திரங்களைக் கரையான் தீண்டுமுன் படியெடுத்தல். பூர்வீக ஊரின் கிராம வரைபடத்தைப் பெற்று, ஜினாலயமும் குடும்ப நிலமும் எந்த எண்ணில் உள்ளன என்று குறித்தல். அவற்றின் ஒரு படியை ஜினாலயத்தாரிடமோ அறக்கட்டளையிடமோ சேர்த்தல். இவ்வளவு செய்தால், "எந்த ஊர்?" என்று கேட்கும்போது அடுத்த தலைமுறை ஊரின் பெயரோடு அவ்வூருக்குத் தான் ஆற்றவேண்டிய கடமையையும் சேர்த்துச் சொல்லும்.

அறம் வளர்க. அனைத்துயிரும் வாழ்க.